ஓட்டக்காரர்களின் நீச்சல் பயிற்சி: ஒரு வரலாறு

நெடுந்தொலைவு ஓட்டத்தில் தேர்ந்தவர்கள் வளர்ந்த வயதில் நீச்சல் குளத்துக்கு வந்து, நீச்சலின் நுட்பத்தையும் வேகத்தையும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வழக்கம் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் பரவத் தொடங்கியது. ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் ஆகிய மூன்றையும் ஒரே போட்டியில் இணைத்த டிரையத்லான் (முப்போட்டி) இதற்கு முதன்மைக் காரணம். ஓட்டத்தால் காயமுற்றவர்கள் உடல்திறன் குறையாமல் இருக்கக் குளத்தை நாடியதும் இன்னொரு காரணம்.

ஓட்டக்காரருக்கு மூச்சுத்திறனும் மனவுறுதியும் ஏற்கெனவே உண்டு. ஆனால் நீரில் அவை தாமாக வேகத்தைத் தருவதில்லை. மணிக்கணக்கில் ஓடக்கூடிய ஒருவர் 25 மீட்டர் குளத்தை இரண்டு முறை கடப்பதற்குள் மூச்சிரைத்து நின்றுவிடுவதைப் பயிற்சியாளர்கள் தொடர்ந்து கண்டனர். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ளும் முயற்சியே வளர்ந்தவர்களுக்கான நீச்சல் கல்வியைப் பின்னர் மாற்றியமைத்தது.

முன்வரலாறு

ஒரே வீரர் ஓடவும் நீந்தவும் வேண்டும் என்ற எண்ணம் டிரையத்லானுக்கு முற்பட்டது. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அறிமுகமான நவீன ஐம்போட்டியில் துப்பாக்கி சுடுதல், வாள்வீச்சு, குதிரையேற்றம் ஆகியவற்றுடன் 300 மீட்டர் நீச்சலும் நாட்டுப்புற ஓட்டமும் இடம்பெற்றன. பின்னாளில் இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் அப்போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றார். 1920களில் பிரான்சில் ஓட்டம், மிதிவண்டி, மார்ன் ஆற்றில் நீச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்த போட்டிகள் நடந்தன. ஆனால் இவை எதுவும் சாதாரண ஓட்டக்காரர்களைப் பெருந்திரளாகக் குளத்துக்கு அழைத்துவரவில்லை. ஐம்போட்டி பெரும்பாலும் படைவீரர்களுக்குரியதாகவே இருந்தது. பிரெஞ்சுப் போட்டிகள் அந்நாட்டுக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை.

கிரால் நீச்சலின் வருகை

டிரையத்லான் வீரர்கள் இன்று கற்கும் கிரால் நீச்சல் ஐரோப்பியர்களுக்குப் புதியதாகவே அறிமுகமானது. 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் மார்பு நீச்சலே மதிப்புக்குரியதாக இருந்தது. 1844இல் வட அமெரிக்கப் பழங்குடியினரான ஒஜிப்வே இனத்தவர் இருவர் லண்டனில் நீந்திக் காட்டினர். கைகளைக் காற்றாலைபோல் சுழற்றி, கால்களால் நீரை அடித்து அவர்கள் மிக விரைவாகச் சென்றனர். ஆயினும் பார்த்தவர்களுக்கு அது முரட்டுத்தனமாகத் தோன்றியது. 1875இல் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக நீந்திக் கடந்தபோதும் மார்பு நீச்சலையே பயன்படுத்தினார். அதற்கு அவருக்கு ஏறத்தாழ 22 மணி நேரம் ஆயிற்று.

1873இல் ஜான் டிரட்ஜென் தென் அமெரிக்காவில் கண்டுகற்ற முறையை இங்கிலாந்தில் அறிமுகப்படுத்தினார். கைகள் மாறிமாறி நீருக்கு மேலே வீசப்பட்டன; கால்களோ கத்தரிக்கோல் போல் விரிந்து மூடின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலமன் தீவுகளைச் சேர்ந்த அலிக் விக்கம் சிட்னியில் நீந்திய முறையும், கேவில் குடும்பத்தினரின் முயற்சிகளும் சேர்ந்து ஆஸ்திரேலியக் கிரால் உருவானது. ஹவாயைச் சேர்ந்த டியூக் கஹனமோகு தொடர்ச்சியான காலடியுடன் நீந்தி 1912, 1920 ஒலிம்பிக் போட்டிகளில் 100 மீட்டர் தங்கம் வென்றார். 1922இல் ஜானி வைஸ்முல்லர் 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் வீரரானார்.

கிராலின் வேகம் கைவலிமையால் மட்டும் வருவதன்று. உடல் நீரின் மேற்பரப்பை ஒட்டிக் கிடையாக நீண்டிருப்பது, கைமாற்றத்தோடு உடல் பக்கவாட்டில் உருள்வது, தலையைத் தூக்காமல் முகத்தைத் திருப்பி மூச்செடுப்பது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சிறுவயதில் கற்றவர்கள் இப்பொருத்தத்தை அறியாமலே பெற்றுவிடுகின்றனர். முப்பது வயதில் தொடங்கும் ஓட்டக்காரரோ ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்றுப் பின்னர் இணைக்க வேண்டியிருக்கிறது.

தடகளத்திலிருந்து குளத்துக்குச் சென்ற பயிற்சி முறை

ஓட்டக்காரர்கள் குளத்துக்கு வருவதற்கு முன்பே ஓட்டத்தின் பயிற்சி முறை அங்கே வந்துவிட்டது. 1930களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெல்லும் இடைவெளிப் பயிற்சியை வகுத்தனர். குறிப்பிட்ட தொலைவை விரைவாக ஓடி, அளந்த ஓய்வுக்குப் பின் மீண்டும் ஓடுவது இதன் அடிப்படை. கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக் ஒரே நாளில் பலமுறை 400 மீட்டர் ஓடிப் பயின்று, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார்.

நீச்சல் பயிற்சியாளர்கள் இம்முறையை ஏற்றுக்கொண்டனர். ஆஸ்திரேலியாவின் ஃபோர்ப்ஸ் கார்லைல் உடலியங்கியல் அறிவை நீச்சல் பயிற்சியில் புகுத்தியவர்களில் முக்கியமானவர். அவரே 1952 ஒலிம்பிக்கில் நவீன ஐம்போட்டியிலும் பங்கேற்றார். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன் நீருக்கடியில் படமெடுத்து வீரர்களின் கைவீச்சை ஆராய்ந்தார். அவர் 1968இல் வெளியிட்ட நூல் நீச்சல் பயிற்சியாளர்களின் அடிப்படை நூலாயிற்று. குளத்தின் சுவரில் பெரிய வினாடிக் கடிகாரம் இடம்பெற்றது. '100 மீட்டர் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே 15 வினாடி ஓய்வு' என்பது போன்ற பயிற்சி அட்டவணைகள் வழக்கமாயின.

எனவே 1970களில் குளத்துக்கு வந்த ஓட்டக்காரருக்கு இந்த அட்டவணை அந்நியமாக இல்லை. தடகளத்தில் 400 மீட்டர் ஓட்டங்களை அடுக்கியவர் குளத்தில் 100 மீட்டர் நீச்சலை அடுக்கினார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. நல்ல நுட்பம் உடைய நீச்சல் வீரருக்காக அமைந்த அந்த அட்டவணை, தவறான கைவீச்சை ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்யவும் இடமளித்தது.

சான் டியேகோ, 1974

1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் ஃபிராங்க் ஷார்ட்டர் வென்ற பிறகு அமெரிக்காவில் ஓட்டம் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. அதே ஆண்டில் சான் டியேகோவில் வழக்கறிஞர் டேவிட் பெய்ன் தம் 50ஆம் பிறந்தநாளை ஓட்டமும் நீச்சலும் சேர்ந்த போட்டியாகக் கொண்டாடினார். அடுத்த ஆண்டு அப்போட்டியில் கலந்துகொண்ட ஜாக் ஜான்ஸ்டன் கல்லூரிக் காலத்தில் நீச்சல் வீரராக இருந்தவர். நீச்சல் பகுதி இன்னும் நீளமாக இருந்தால் தமக்கு நல்லது என்று அவர் எண்ணினார். சான் டியேகோ தடகளச் சங்கத்தைச் சேர்ந்த டான் ஷானகனுடன் சேர்ந்து மிதிவண்டியையும் இணைத்து ஒரு போட்டியைத் திட்டமிட்டார்.

1974 செப்டம்பர் 25, புதன்கிழமை மாலை மிஷன் பே கடற்கழியில் அப்போட்டி நடந்தது. 46 பேர் பங்கேற்றனர். ஓட்டம் மொத்தம் 6 மைல், மிதிவண்டி 5 மைல், நீச்சல் 500 கெஜம். ஓட்டமும் நீச்சலும் ஒரே தொடராக அல்லாமல் சிறு துண்டுகளாக மாறிமாறி வந்தன. கோப்பை செய்தவர் 'டிரையத்லான்' என்ற சொல்லை அகராதியில் காணாமல் எழுத்துக்கூட்டைக் கேட்க வேண்டியிருந்தது. எதிர்பார்த்ததைவிட நேரம் நீண்டு இருட்டிவிட்டதால், கடைசியாக வந்தவர்களுக்குக் கார்களின் முகப்பு விளக்குகளால் வெளிச்சம் காட்டினர்.

பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஓட்டக்காரர்கள். 500 கெஜம் என்பது பயிற்சிபெற்ற நீச்சல் வீரர் பத்து நிமிடத்துக்குள் முடிக்கும் தொலைவு. ஓடுவதில் முன்னணியில் இருந்தோருக்கு அதுவே நீண்ட பரப்பாக இருந்தது. ஓட்டத்தில் பெற்ற முன்னிலை நீரில் கரைந்துவிடும் என்பதை அச்சங்கத்தினர் அன்று நேரில் கண்டனர்.

சான் டியேகோவில் இதற்கு உதவும் சூழலும் இருந்தது. அங்கே பணியாற்றிய கடற்படை மருத்துவர் ரான்சம் ஆர்தர், வயது வந்தோர் நலத்துக்காக நீந்த வேண்டும் என்று வலியுறுத்தியவர். அவரது முயற்சியால் 1970இல் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோவில் முதல் தேசிய மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி நடந்தது. அதையடுத்துப் பல ஊர்களில் வயது வந்தோருக்கான நீச்சல் குழுக்கள் தோன்றின. நீந்தக் கற்க விரும்பிய ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளரும் குளத்தில் இடமும் கிடைத்தது இக்குழுக்களால்தான்.

ஹவாய், 1978

மிஷன் பே போட்டியில் பங்கேற்றவர்களில் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இருந்தனர். பின்னர் அவர்கள் ஹவாய்க்குக் குடிபெயர்ந்தனர். 1977இல் ஒவாஹூ தீவில் நடந்த தொடர் ஓட்டப் போட்டியின் பரிசளிப்பு விழாவில், ஓட்டக்காரர்களா நீச்சல் வீரர்களா, யார் உடல்திறனில் சிறந்தவர் என்ற வழக்கு எழுந்தது. மிதிவண்டி வீரர்களையும் சேர்க்க வேண்டும் என்றார் காலின்ஸ். தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று பெரும் போட்டிகளை ஒரே நாளில் அடுத்தடுத்து முடிக்கலாம் என முன்மொழிந்தார். அவை 2.4 மைல் வைக்கீக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் மிதிவண்டிப் பயணம், ஹொனலூலு மாரத்தான் ஆகியவை.

1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். வென்றவர் ஓட்டக்காரரான கார்டன் ஹாலர். நீச்சலில் அவர் ஏறத்தாழ 1 மணி 20 நிமிடம் எடுத்துக்கொண்டார். இரண்டாம் இடம் பெற்ற ஜான் டன்பார் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கரையேறிவிட்டார். கடலில் இழந்த 20 நிமிடங்களை மிதிவண்டியிலும் மாரத்தானிலும் மீட்டு, 11 மணி 46 நிமிடங்களில் ஹாலர் முடித்தார். ஓட்டக்காரர் நீச்சலில் பின்தங்கினாலும் வெல்லலாம் என்ற நம்பிக்கையை அந்த வெற்றி தந்தது.

அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. 1979இல் டாம் வாரன் 11 மணி 15 நிமிடங்களில் வென்றார். 1980இல் டேவ் ஸ்காட் 9 மணி 24 நிமிடங்களில் முடித்தார். ஒரே ஆண்டில் 1 மணி 50 நிமிடத்துக்கும் மேல் குறைந்தது. ஸ்காட் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் மாஸ்டர்ஸ் நீச்சல் குழுவுக்குப் பயிற்சியளித்தவர். கல்லூரியில் நீச்சலும் நீர்ப்பந்தும் ஆடியவர். நீச்சலில் முந்தி, களைப்பின்றிக் கரையேறி, பின்னர் மிதிவண்டியிலும் ஓட்டத்திலும் முன்னிலையைக் காப்பதே அவர் வழி. அவர் மொத்தம் ஆறு முறை வென்றார். அதன் பிறகு பட்டம் நாடிய ஓட்டக்காரர் எவரும் நீச்சலை ஒதுக்க முடியவில்லை.

பட்டத்தை நாடாதவர்களுக்கும் நீச்சல் ஒரு வாயிலாகவே இருந்தது. இன்றைய அயர்ன்மேன் போட்டிகளில் 3.86 கிலோமீட்டர் நீச்சலை 2 மணி 20 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இது 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3 நிமிடம் 37 வினாடி என்ற வேகம். மொத்தத் தொலைவான 226 கிலோமீட்டரில் நீச்சல் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் அதைக் குறித்த நேரத்தில் கடக்காதவர் எஞ்சிய 98 சதவீதத்தைத் தொட முடியாது.

ஓட்டக்காரர் நீரில் தடுமாறும் காரணங்கள்

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீரின் தடை வேகத்தின் இருமடியாக உயர்கிறது. அதை வெல்லத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ மும்மடியாக உயர்கிறது. அதாவது உடலின் நிலையை மாற்றாமல் 10 சதவீதம் விரைவாக நீந்த 33 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். ஓட்டத்தில் முயற்சியைக் கூட்டினால் வேகம் ஓரளவு அதே விகிதத்தில் கூடும். அந்தப் பழக்கத்தோடு குளத்தில் இறங்குபவர் முயற்சியைக் கூட்டுகிறார். நீர் அதை விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம் உடலமைப்பு. மிதக்கும் உடலின் மையம் நெஞ்சுப் பகுதியில் இருக்கிறது. அங்கே நுரையீரலில் காற்று உள்ளது. எடையின் மையமோ அதற்குக் கீழே, இடுப்பை நோக்கி இருக்கிறது. எனவே எவருக்கும் கால்கள் தாழும் போக்கு உண்டு. கொழுப்பு குறைந்து தசை இறுகிய ஓட்டக்காரரின் கால்கள் மேலும் தாழ்கின்றன. உடல் சாய்ந்து நீரை மார்பால் தள்ளிச் செல்லும் நிலை உருவாகிறது.

மூன்றாவது கணுக்கால். ஓட்டத்துக்கு இறுக்கமான கணுக்கால் நல்லது. ஒவ்வொரு அடியிலும் அது சுருள்வில்போல் விசையைத் திருப்பித் தருகிறது. நீச்சலுக்குப் பாதம் பின்னோக்கி நீண்டு துடுப்புபோல் வளைய வேண்டும். பாதம் மடங்கியே இருந்தால் காலடி முன்னோக்கித் தள்ளாது. சிலரிடம் பின்னோக்கியும் இழுக்கும். ஓட்டக்காரர் முழங்காலை மடக்கி ஓடுவதுபோல் அடிப்பதால் தொடையும் நீரைத் தடுக்கிறது. பலகையைப் பிடித்துக் காலை மட்டும் அடிக்கச் சொன்னால் புதிய ஓட்டக்காரர்கள் சிலர் இருந்த இடத்திலேயே நிற்பது பயிற்சியாளர்கள் நன்கறிந்த காட்சி.

நான்காவது மூச்சு. ஓடுபவர் வேண்டியபோது மூச்சுவிடலாம். நீந்துபவருக்குக் கைவீச்சுதான் நேரம் குறிக்கிறது. முகம் நீரில் இருக்கையில் மூச்சை அடக்கி, தலையைத் தூக்கியதும் வெளிவிட்டு, அதே நொடியில் உள்ளிழுக்க முயல்பவருக்குக் காற்று போதாது. உள்ளே தேங்கும் கரியமில வாயு மூச்சுத்திணறல் உணர்வைத் தருகிறது. உடல்திறன் குறைவே காரணம் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். தலையைத் தூக்கும்போது கால்கள் இன்னும் தாழ்வதால் களைப்பு இரட்டிப்பாகிறது.

நுட்பக் கல்வியின் வளர்ச்சி

1980களில் பயிற்சியாளர்கள் இக்காரணங்களை ஒவ்வொன்றாக எதிர்கொண்டனர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பூமர், கைகளின் விசையைவிட உடலின் நிலையே முதன்மையானது என்று கற்பித்தார். படகின் இயந்திரத்தைப் பெரிதாக்குவதற்கு முன் அதன் அடிப்பகுதியைச் சீராக்க வேண்டும் என்பது அவர் பார்வையின் சாரம். அவரது கருத்துகளால் ஈர்க்கப்பட்ட டெர்ரி லாஃப்லின் 1989இல் 'டோட்டல் இம்மர்ஷன்' என்ற பயிற்சி முறையைத் தொடங்கினார். 1996இல் அப்பெயரில் நூலும் வெளிவந்தது. அவரிடம் கற்றவர்களில் டிரையத்லானுக்காக வந்த வளர்ந்தவர்கள் பலர்.

லாஃப்லின் முறையில் மாணவர் முதலில் தொலைவை நீந்துவதில்லை. நெஞ்சை நீரில் அழுத்திப் பார்வையைக் குளத்தின் தரையை நோக்கி வைத்து, கால்கள் தாமாக மேலெழுவதை உணர்கிறார். பிறகு ஒருக்களித்து ஒரு கையை முன்னே நீட்டிச் சறுக்கப் பழகுகிறார். கைவீச்சும் மூச்சும் அதன்பின்னரே சேர்கின்றன. இம்முறை சறுக்கலுக்கு அளவுக்கு மீறி இடம் தருகிறது என்றும், திறந்த கடலின் அலைகளில் விரைவான கைவீச்சே பயன்தரும் என்றும் சிலர் மறுத்தனர். ஆனாலும் வளர்ந்தவருக்குச் சமநிலையை முதலில் கற்பிக்க வேண்டும் என்ற கருத்து பரவலாக ஏற்கப்பட்டது.

கைவீச்சைச் செம்மையாக்கத் தனிப் பயிற்சிகள் புழக்கத்துக்கு வந்தன. ஒரு கை முன்னே காத்திருக்க மறுகை வந்து தொட்ட பிறகே அடுத்த வீச்சைத் தொடங்குவது, உடல் நீண்டிருக்கப் பழக்கும். விரல்களை மூடி முட்டியாக வைத்து நீந்துவது, உள்ளங்கை மட்டுமன்றி முன்கை முழுவதாலும் நீரைப் பிடிக்கக் கற்பிக்கும். இரு பக்கமும் மாறிமாறி மூச்செடுப்பது, உடல் ஒருபுறமாகச் சாய்வதைத் திருத்தும். முகம் நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மெல்லக் குமிழிவிட்டு மூச்சை வெளியேற்றுவதே ஓட்டக்காரருக்கு முதலில் சொல்லப்படும் பாடம்.

காலடி குறித்தும் தனி முடிவு உருவானது. விரைவு நீச்சல் வீரர் இரண்டு கைவீச்சுக்கு ஆறு முறை காலடிக்கிறார். அடுத்து மிதிவண்டியும் ஓட்டமும் காத்திருப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு வீச்சுக்கு இரண்டு அடி போதும். காலின் வேலை தள்ளுவதைவிட உடலைக் கிடையாக வைத்திருப்பதும் உருளலுக்குத் துணைநிற்பதுமே. இதனால் கணுக்கால் இறுக்கம் ஓட்டக்காரருக்குப் பெருந்தடையாக இருக்கவில்லை.

அளவிடும் முறைகளும் மாறின. ஓட்டக்காரர்கள் நேரத்தை மட்டும் பார்த்துப் பழகியவர்கள். குளத்தில் ஒரு நீளத்துக்கு எத்தனை வீச்சு என்பதையும் எண்ணக் கற்பித்தனர். 25 மீட்டரை 30 வினாடிகளில் 26 வீச்சுகளால் கடப்பவர் கூட்டுத்தொகையாக 56 என்று குறித்துக்கொள்கிறார். அதே நேரத்தில் 22 வீச்சுகளாகக் குறைந்தால் தொகை 52. கோல்ஃப் ஆட்டத்தைப் போலக் குறைந்த எண்ணே நல்லது. நேரம் மட்டும் குறைந்து வீச்சு வெகுவாகக் கூடினால், முன்னேற்றம் நுட்பத்தால் அல்ல, அவசரத்தால் வந்தது என்பது தெரிந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர் கோஜி வகயோஷியும் உடனிருந்தோரும் நீச்சலுக்கான வரம்பு வேகத்தைக் கணக்கிடும் முறையை முன்வைத்தனர். பின்னர் அதன் எளிய வடிவம் பரவியது. 400 மீட்டரையும் 200 மீட்டரையும் முழு முயற்சியோடு தனித்தனியே நீந்தி, நேர வேறுபாட்டைக் கொண்டு வேகம் கணிக்கப்படும். 400 மீட்டருக்கு 8 நிமிடமும் 200 மீட்டருக்கு 3 நிமிடம் 45 வினாடியும் ஆனால் வேறுபாடு 255 வினாடி. அதாவது 100 மீட்டருக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 7 வினாடி. இடைவெளிப் பயிற்சியை அந்த வேகத்தை ஒட்டி அமைக்கலாம். தடகள ஓட்டக்காரர்களுக்குப் பழக்கமான கணக்கு, நுட்பம் கைவந்த பிறகு, இவ்வாறு மீண்டும் பயன்பட்டது.

கருவிகள்

1970களில் நீச்சல் கண்ணாடி பரவலானது முக்கிய மாற்றம். அதற்கு முன் குளோரின் கலந்த நீரில் நெடுநேரம் பயின்றவர்களின் கண்கள் சிவந்து எரிந்தன. நீருக்குள் தெளிவாகப் பார்க்க முடிந்ததால் முகத்தை நீரில் வைத்திருக்கும் அச்சமும் புதியவர்களுக்குக் குறைந்தது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியூ 1933இல் காப்புரிமை பெற்ற நீச்சல் துடுப்புகள், இறுகிய கணுக்காலைத் தளர்த்தும் பயிற்சிக் கருவியாகப் பயன்பட்டன. தொடைகளுக்கு இடையே வைக்கும் மிதவை, தாழும் கால்களைத் தூக்கிப் பிடித்து, கைவீச்சில் மட்டும் கவனம் செலுத்த உதவியது. ஆனால் மிதவையுடன் எளிதாக நீந்தும் ஓட்டக்காரர் அதையே விரும்பத் தொடங்கி, சமநிலையைக் கற்காமல் விடுவதும் உண்டு.

1987இல் டான் எம்ப்ஃபீல்ட் தொடங்கிய குவின்டானா ரூ நிறுவனம், டிரையத்லானுக்கெனத் தனியாக வெட்சூட் எனப்படும் ரப்பர் உடையைத் தயாரித்தது. குளிரைத் தடுப்பதற்காகத் தோன்றிய இவ்வுடையின் மிதப்புத்தன்மை கால்களை மேலே தூக்கியது. ஏற்கெனவே கிடையாக நீந்துபவரைவிட, கால் தாழும் ஓட்டக்காரருக்கே அது அதிக நன்மை தந்தது. வெதுவெதுப்பான நீரில் இவ்வுடைக்குத் தடை இருப்பதால், அதை நம்பி மட்டும் போட்டிக்குச் செல்வது பாதுகாப்பானதாக இல்லை.

ஒலிம்பிக்கும் கூட்டமாகச் செல்லும் விதியும்

1989இல் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் பன்னாட்டு டிரையத்லான் ஒன்றியம் உருவானது. 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம் என்பது ஒலிம்பிக் தொலைவாக நிலைபெற்றது. 1990களின் நடுவில் உயர்நிலைப் போட்டிகளில் மிதிவண்டி வீரர்கள் ஒருவர் பின் ஒருவர் ஒட்டிச் செல்ல அனுமதி வந்தது. முன்னால் செல்பவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருபவருக்கு உழைப்பு குறைகிறது.

இந்த விதி ஓட்டக்காரர்களின் கணக்கை மாற்றியது. நீச்சலில் 30 வினாடி பின்தங்கினால் முன்னணிக் கூட்டத்தைத் தவறவிட நேரும். தனியே மிதித்து அக்கூட்டத்தைப் பிடிப்பது கடினம். அதே சமயம் முன்னணிக் கூட்டத்தோடு சென்றுவிட்டால் முடிவை ஓட்டமே தீர்மானிக்கும். ஆகவே நல்ல ஓட்டக்காரருக்கு நீச்சலில் வெல்ல வேண்டிய தேவையில்லை, விடுபடாமல் இருப்பதே தேவை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் அறிமுகமானது. சுவிட்சர்லாந்தின் பிரிஜிட் மெக்மஹோனும் கனடாவின் சைமன் விட்ஃபீல்டும் தங்கம் வென்றனர்.

அமெரிக்காவின் க்வென் ஜோர்கென்சன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதலில் நீச்சல் அணியிலும் பின்னர் ஓட்ட அணியிலும் இருந்தவர். கணக்காளராகப் பணியாற்றியபோது டிரையத்லானுக்கு அழைக்கப்பட்டார். சிறுவயது முதல் நீந்தியிருந்ததால் முன்னணிக் கூட்டத்தோடு கரையேற முடிந்தது. பிறகு ஓட்டத்தில் மற்றவர்களை விட்டு விலகினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். வெறும் ஓட்டத்திறனோடு வருபவர் உயர்நிலைக்குச் செல்வது எவ்வளவு அரிது என்பதையும் அவர் வரலாறு காட்டுகிறது.

பாதுகாப்பு

வளர்ந்த வயதில் நீந்தக் கற்றுக் கடலில் இறங்குவோர் பெருகியபோது பாதுகாப்புக் கேள்வியும் எழுந்தது. 2006 முதல் 2008 வரை அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 2010இல் மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு, 14 மரணங்களில் 13 நீச்சலின்போது நிகழ்ந்தன என்று காட்டியது. உடற்கூறாய்வு செய்யப்பட்ட 9 பேரில் 7 பேருக்கு இதயக் கோளாறுகள் காணப்பட்டன. எனவே நீச்சல் தெரியாமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் நீரில் மயங்குபவர் நிலத்தில் மயங்குபவரைப் போலக் கண்ணில் படுவதில்லை. உதவியும் உடனே சென்றடைவதில்லை.

குளத்தில் தரை தெரியும், கோடு வழிகாட்டும், 25 மீட்டரில் சுவர் வரும். கடலில் இவை எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்கும்போது கை கால்கள் மோதுகின்றன. பல போட்டிகள் வீரர்களைச் சிறு குழுக்களாகவோ வரிசையாகவோ நீரில் இறக்கும் முறைக்கு மாறின. சில வீச்சுக்கு ஒருமுறை கண்களை மட்டும் நீருக்கு மேல் உயர்த்தித் திசை பார்ப்பது, பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குவது ஆகியவை வேகப் பயிற்சிக்கு முன்பே கற்பிக்கப்பட வேண்டியவையாகக் கருதப்படுகின்றன.

விளைவு

ஓட்டக்காரர்கள் குளத்துக்கு வந்ததால் நீச்சல் கல்வியில் நிலையான மாற்றம் ஏற்பட்டது. அதற்கு முன் நீச்சல் பயிற்சி பெரும்பாலும் இரு நிலைகளில் இருந்தது. ஒன்று, மூழ்காமல் இருக்கக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது. மற்றொன்று, இளம் வீரர்களைப் போட்டிக்குத் தயாரிப்பது. நல்ல உடல்திறனும் குறைந்த நுட்பமும் கொண்ட வளர்ந்த மாணவர் என்ற மூன்றாம் வகையை டிரையத்லான் உருவாக்கியது. அவர் காரணம் கேட்பவர். ஒவ்வொரு பயிற்சியின் பயனையும் அறிய விரும்புபவர். அவருக்காக எழுதப்பட்ட நூல்களும் வகுக்கப்பட்ட பயிற்சிகளும் பின்னர் போட்டிக்குச் செல்லாத சாதாரண வளர்ந்தவர்களுக்கும் பயன்பட்டன.

ஓட்டக்காரர்களுக்கும் குளம் வேறு வகையில் பயன்பட்டது. நீர் உடலின் எடையைத் தாங்குவதால் முழங்காலுக்கும் பாதத்துக்கும் அடி விழுவதில்லை. எலும்பில் விரிசலோ தசைநாரில் வலியோ கண்டவர் ஓட்டத்தை நிறுத்தினாலும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை தர முடிந்தது. கட்டாயத்தால் குளத்துக்கு வந்து, காயம் ஆறிய பிறகும் நீச்சலைத் தொடர்ந்தவர்கள் பலர்.

1977இல் ஹவாயில் எழுந்த வழக்கு, ஓட்டக்காரர்களா நீச்சல் வீரர்களா சிறந்தவர் என்பது. அடுத்த ஆண்டு ஓட்டக்காரரும் 1980இல் நீச்சல் பயிற்சியாளரும் வென்றனர். ஒரு விளையாட்டில் பெற்ற உடல்திறன் இன்னொன்றின் நுட்பத்துக்கு ஈடாகாது என்பதே இப்போட்டிகளின் வழியே தெளிவானது. ஓட்டத்தில் பல்லாண்டு தேர்ந்தவர், குளத்தில் குமிழிவிட்டு மூச்சை வெளியேற்றும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதைப் பொறுமையாக ஏற்றுக்கொண்டவர்களே நீரிலும் முன்னேறினர்.